கடன் என்றால் கடன் என்றே எழுதுங்கள்



இது நீளமான பதிவு. வழக்கமாக நான் போடும் பழைய குரூப் போட்டோ, பொங்கல் வாழ்த்து மாதிரி இல்லை. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்களில் ஒருவர் வீடாவது மிஞ்சினால் எனக்குப் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர். வயது இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டி, வரிசையில் ராத்திரி ராத்திரியாகக் காத்துக் கிடந்து, சொந்தமாக ஒரு வண்டி வாங்கியவர். வண்டிக்கு இன்ஜின் வேலை, மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் என்று எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. ஆறு லட்சம் கடன் வாங்கப் போகிறார்.

“சார், ஒரு சாட்சிக் கையெழுத்து போடணும். நீங்க போட்டா ராசி சார்.”

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிப்பது என் வழக்கம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டு பத்திரங்கள். முதலாவது கிரய ஒப்பந்தம். தன் வீட்டைப் பதினைந்து லட்சத்துக்கு விற்க சம்மதிக்கிறார், அதில் பதினான்கு லட்சம் முன்பணமாக வாங்கிக்கொண்டார், மீதி ஒரு லட்சத்தைப் பதினோரு மாதத்துக்குள் பெற்றுக்கொண்டு கிரயம் செய்து கொடுப்பார் என்று இருந்தது. இரண்டாவது பொது அதிகார முகவர் ஆவணம், அதாவது நாம் சொல்லும் ‘பவர்’. கடன் கொடுப்பவரின் மச்சான் பெயருக்கு.

கடன் என்ற வார்த்தை இரண்டிலும் ஓர் இடத்தில்கூட இல்லை. வட்டி என்ற வார்த்தையும் இல்லை. பேச்சில் மட்டும் மூன்று வட்டி, அதாவது மாதம் பதினெட்டாயிரம். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு அந்த வீடு பத்திரத்தில் எழுதிய விலையைப் போல மூன்று மடங்குக்குப் போகும்.

“இது என்னப்பா, வீட்டை விக்கறியா?” என்றேன்.

“இல்ல சார், சும்மா செக்யூரிட்டிக்கு. பணம் கட்டினதும் கேன்சல் பண்ணிடுவாங்க. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க.”

நான் கையெழுத்துப் போடவில்லை. “அடமானப் பத்திரம் எழுதிக்கொண்டு வா. ராயபுரமோ திருவொற்றியூரோ, எந்த ரிஜிஸ்டர் ஆபீசாக இருந்தாலும் நானே வந்து சாட்சி போடுகிறேன். இதில் போட மாட்டேன்” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் எங்கள் உறவுக்காரர் ஒருவர், அவருக்கும் வேண்டியவர், போன் செய்தார். “வாத்தியாருக்கு வயசாயிடுச்சு. ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சுடப் போவுது?” என்று கேட்டார்.

என்ன குறைந்துவிடும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டுக் கதையை உங்களில் பலருக்கு நான் சொன்னதில்லை. வகுப்பிலும் சொன்னதில்லை. அப்பாவுக்கு அது அவமானம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சொன்னால் தப்பில்லை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மஸ்தூர். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. நாட்டு ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். தாத்தா வாங்கிய இடம். 1971-இல் பெரிய அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாலாயிரம் ரூபாய் குறைந்தது. ராயபுரத்தில் கடை வைத்திருந்த ஒருவரிடம் அப்பா போனார்.

அந்த மனிதர் சொன்னதை அம்மா கடைசி வரைக்கும் வார்த்தை மாறாமல் சொல்வார். “அடமானம்னு எழுதினா நாலு பேருக்குத் தெரியும். பொண்ணு கல்யாண நேரத்துல உனக்குத்தான் கௌரவக் குறைச்சல். கிரயமா எழுதிக் குடு. நீ பாட்டுக்கு வீட்டுல இரு. பணம் அடைச்சதும் நானே திருப்பி எழுதித் தரேன்.”

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போடுவார். போட்டார். பதிவு அலுவலகத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “பணம் வாங்கிட்டியா?” அப்பா “வாங்கிட்டேங்க” என்றார். பொய் இல்லையே, நாலாயிரம் வாங்கினார்தானே. அந்த ஒரு பதிலில் வீடு போனது அவருக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் சம்பளத்தன்று ராயபுரத்துக்கு நடந்து போய்க் கட்டினார். ஒரு சின்ன நோட்டில் அந்தக் கடைக்காரர் வரவு எழுதித் தருவார். 1978-இல் அசலும் வட்டியும் முடிந்தது. “திருப்பி எழுதிக் குடுங்க” என்று கேட்டார். “தை பொறக்கட்டும், நல்ல நாள் பார்த்து எழுதிடலாம்” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் 1979-இல் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் பீரோவைத் திறந்து பார்த்தார்கள். அப்பா பெயரில் சுத்தக் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. பாகம் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீடு இரண்டாவது மகன் பங்கில் விழுந்தது.

1981-இல் முன்சீப் கோர்ட்டில் வழக்கு. பத்திரத்தில் ‘விக்கிரயம்’ என்று இருக்கிறது. நோட்டில் வெறும் தொகையும் தேதியும்தான் இருக்கிறது. எதற்காகக் கட்டிய பணம் என்று அதில் இல்லை. அவர்கள் வக்கீல் அது வீட்டு வாடகை என்றார். எங்கள் வக்கீல் நல்லவர். கடனுக்காகப் பெயரளவில் எழுதிய கிரயம் என்றால் அதை வாய்மொழிச் சாட்சியம் மூலம் நிரூபிக்கலாம் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் கங்காபாய் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்துக் காட்டினார். கதவு திறந்தது. ஆனால் உள்ளே கொண்டுபோக எங்களிடம் சாட்சி இல்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் அந்தக் கடையில் வேலை பார்த்தவர்.

1989-இல் சமாதானமாகப் போனோம். அம்மா நகை, என் பி.எஃப். கடன் எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் கொடுத்து எங்கள் வீட்டை எங்கள் பெயருக்கே மறுகிரயம் வாங்கினோம். ஒரே வீட்டை இரண்டு தடவை வாங்கியவர்கள் நாங்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை.

அதனால்தான் போன ஞாயிறு அந்தப் பேனாவை நான் கையில் எடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வருடம் கழித்தும் அதே வார்த்தையைச் சொல்லி அதே மாதிரி எழுதி வாங்குகிறார்கள். ஏன்? அடமானம் என்று எழுதினால் சட்டம் கடன் வாங்கியவர் பக்கம் ஒரு கையை வைக்கிறது. அந்தக் கையைத் தட்டிவிடத்தான் ‘கிரயம்’, ‘ஒப்பந்தம்’, ‘பவர்’ எல்லாம்.

அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை. நம் மெட்ராஸ் மாகாணத்துக்காரர்கள் வழக்குப் போட்டு வழக்குப் போட்டு வந்த வழி அது. அந்தக் காலத்தில் ‘இத்தனை வருடத்துக்குள் பணம் கட்டாவிட்டால் இந்த நிலம் உனக்கே கிரயம்’ என்று எழுதி வாங்கும் பழக்கம் இங்கே நிறைய இருந்தது. தவணை ஒரு நாள் தப்பினாலும் நிலம் போய்விடும். மெட்ராஸ் சதர் நீதிமன்றம் 1858 முதல், தவணை தப்பினாலும் பணத்தைக் கட்டி நிலத்தை மீட்கலாம் என்று தீர்ப்புச் சொல்லி வந்தது. 1870-இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. பட்டாபிராமையர் எதிர் வெங்கடராவ் நாயக்கர் என்ற நம் மாகாணத்து வழக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், தவணை முடிந்தால் நிலமும் முடிந்தது என்றார்கள். 1875-இல் இன்னொரு மெட்ராஸ் வழக்கிலும் அந்த முடிவிலிருந்து அவர்கள் நகரவில்லை.

1882-இல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதன் 60-ஆவது பிரிவு, கடன் வாங்கியவருக்கு மீட்கும் உரிமையைக் கொடுத்தது. தவணை தப்பினாலும் சரி, ‘மீட்க மாட்டேன்’ என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருந்தாலும் சரி, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வரைக்கும் பணத்தைக் கட்டி மீட்கலாம். அடமானம் என்று தொடங்கியது கடைசி வரைக்கும் அடமானம்தான். மீட்பு வழக்குப் போட இன்றைய காலவரையறைச் சட்டப்படி முப்பது வருடம் அவகாசம் இருக்கிறது.

இவ்வளவும் பத்திரத்தில் அது அடமானம் என்று இருந்தால்தான். 1929-இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். கிரயம் மாதிரி எழுதினாலும், பணம் கட்டினால் திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். தனிக் காகிதத்தில் எழுதினால் ஆகாது, வாயால் சொன்னால் ஆகவே ஆகாது. எங்கள் அப்பா வாங்கி வந்தது வாய் வார்த்தை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அதே சட்டத்தின் 58-ஆவது பிரிவில் ஒரு வகை அடமானம் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஈடாகக் கொடுத்து வைத்தால் போதும், அதுவே அடமானம். கப்பல் வந்து நிற்கும்போது வியாபாரிக்கு உடனே பணம் வேண்டும் என்பதற்காக இருந்த வசதி. சட்டம் பெயர் சொல்லும் ஊர்களில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்றும் உண்டு. பத்திரத்தை ஒப்படைக்கும் இடம் அந்த நகரமாக இருந்தால் போதும், நிலம் எந்த ஊரில் இருந்தாலும் செல்லும். அன்றைக்குத் திருவொற்றியூர் செங்கல்பட்டு மாவட்டம், ராயபுரம் மெட்ராஸ். டோல்கேட்டைத் தாண்டிப் போய் அப்பா தாத்தாவின் பத்திரத்தை அந்தக் கடைக்காரர் கையில் ஈடாகக் கொடுத்திருந்தாலே கடனுக்கு அது போதுமான பிணை. கிரயம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொல்ல அன்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பதினாறு வயது. பிற்காலத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கப் போகிறவன், அப்பா கொண்டுவந்து காட்டிய பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரித்திரம் என்றதும் ஒன்று. ஆபிரகாம் லிங்கன் பாடம் நடத்தும்போது அவருடைய அப்பாவைப் பற்றி நான் அதிக நேரம் பேசுவேன், நினைவிருக்கிறதா? “சார் போர்ஷனை விட்டுட்டு எங்கேயோ போறார்” என்று பின் பெஞ்சு முணுமுணுக்கும். இப்போது காரணம் புரிந்திருக்கும்.

தாமஸ் லிங்கன், கென்டக்கியில் விவசாயி. அவருக்கும் தன் பெயரைத் தட்டுத் தடுமாறி எழுத மட்டும்தான் தெரியும். அந்தப் பகுதி அன்று வர்ஜீனியாவின் கீழ் இருந்தது. 1779-இல் வந்த நிலச் சட்டப்படி, அரசு முதலில் அளந்து எண் போட்டு விற்கவில்லை. உரிமைச் சீட்டு வாங்கியவர்கள் தாங்களே இடம் பார்த்து எல்லை குறித்துக்கொண்டார்கள். இந்த மரம், அந்த ஓடை, அந்தப் பாறை என்று. ஒரே நிலத்தின்மேல் நாலைந்து பேர் உரிமை, நாட்டு ஓடு அடுக்கியது போல ஒன்றின்மேல் ஒன்று. காட்டைத் திருத்தி வழி உண்டாக்கிய டேனியல் பூன்கூட அங்கே தன் நிலங்களை இழந்தார். வக்கீல் வைக்கத் தெரிந்தவர் ஜெயித்தார், உழுதவர் வண்டி கட்டினார். தாமஸ் லிங்கனின் பண்ணைகளிலும் பத்திரக் கோளாறு, வழக்கு. 1816-இல் ஏழு வயது ஆபிரகாமைக் கூட்டிக்கொண்டு குடும்பம் இண்டியானாவுக்குப் போனது. அங்கே அரசே அளந்து விற்ற நிலம். ஊரை விட்டு வந்ததற்கு முக்கியக் காரணம் நிலப் பத்திரச் சிக்கல்தான் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார்.

அந்த நாட்டிலேயே மாசசூசெட்ஸ்காரர்கள் 1640-இலேயே ஒன்று செய்தார்கள். நிலத்தை அடமானம் வைத்தவர் அதே நிலத்தில் தொடர்ந்து இருந்தால், அந்த அடமானம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆளை அது கட்டுப்படுத்தாது. காதோடு காதாக வைத்த அடமானத்தால் பின்னால் வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காக. நம் தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும்போது எழுதும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று ஆனது 2012 டிசம்பரில்தான். விற்பனை ஒப்பந்தத்துக்கும் சொத்து சம்பந்தமான பவருக்கும் அப்போதுதான் கட்டாயப் பதிவு வந்தது. நல்ல சட்டம். இன்று வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் பதிவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பதிவு செய்வார்கள். விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, உங்கள் மனசுக்குள் இருக்கும் ‘சும்மா செக்யூரிட்டிக்கு’ என்பதை யார் பதிவு செய்வார்?

அந்தக் கிரய ஒப்பந்தத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு மாதம் முடிந்ததும் கடன் கொடுத்தவர் மீதி ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். “நான் தயார், இவர் கிரயம் செய்து தர மறுக்கிறார், செய்து தரச் சொல்லுங்கள்” என்பார். முன்பெல்லாம் இது அநியாயம் என்று தோன்றினால் நீதிபதி தன் விருப்புரிமையில் மறுக்கலாம். 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒப்பந்தம் நிரூபணமானால் நிறைவேற்ற உத்தரவிடுவதே இப்போது பொது விதி. பவர் இருந்தால் கோர்ட்டும் வேண்டாம். வெறும் பவரும் ஒப்பந்தமும் வைத்துச் சொத்துரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பவரை வைத்து மூன்றாவது ஆளுக்கு முறையான கிரயம் பதிவு செய்துவிட்டால், அதை உடைக்க நீங்கள்தான் ஆயுசைச் செலவழிக்க வேண்டும்.

சரி, எதிர்ப்பக்கமும் பேசுவோம். “சார், பேசறது சுலபம். பேங்க்ல குடுக்கறானா?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

நியாயமான கேள்வி. லாரி ஓட்டுகிறவருக்கு, காசிமேட்டில் மீன் விற்கிறவருக்கு, கான்ட்ராக்டில் கம்பெனிக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. சிலருக்குத் தாத்தா பெயரிலேயே பட்டா. சிலருக்குப் புறம்போக்கு. சிலருக்கு வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கிறது, கிரயப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாளைக்கே பணம் வேண்டும். அவர்களைத் தனியாரிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடன் கொடுப்பவர் பயத்தையும் நான் மறுக்கவில்லை. அடமானம் என்றால் பணம் வராதபோது கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வாங்கி, ஏலம் விட்டுத்தான் எடுக்க முடியும். வருடக்கணக்காகும். நாணயமாகக் கொடுத்து ஏமாந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அடமான வழக்கு சீக்கிரம் முடிந்தால், வாரிய வீடுகளுக்குப் பத்திரம் சீக்கிரம் கிடைத்தால், பாதிப் பேர் இந்தக் குறுக்கு வழிக்கு வர மாட்டார்கள். அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும், கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆனால் கோர்ட் தாமதம் என்பதற்காக ஆறு லட்சத்துக்கு ஒரு வீட்டையே எழுதி வாங்குவது பாதுகாப்பு ஆகாது. அது பேராசை. வங்கிகூட வீட்டை எடுக்கும்தான். ஆனால் 2002-ஆம் வருடச் சட்டப்படி முதலில் அறுபது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சுவாதீனம் எடுத்தால் நாற்பத்தைந்து நாளுக்குள் நீங்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த பணம் உங்களுடையது. படி படியாக இறங்கலாம், ஒவ்வொரு படியிலும் நின்று பேசலாம். கிரய ஒப்பந்தத்தில் படியே இல்லை.

செலவைச் சாக்குச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். சுவாதீனம் கொடுக்காத சாதாரண அடமானத்துக்கு ஆகும் செலவு அதில் ஒரு சின்னப் பங்குதான், அதற்கு உச்சவரம்பும் உண்டு.

ஆகவே என் மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது:

1. கடனுக்குக் கிரயம், கிரய ஒப்பந்தம், பவர் இந்த மூன்றிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத முத்திரைத்தாளிலும் போடாதீர்கள். “எல்லாரும் இப்படித்தான்” என்பது காரணம் இல்லை.

2. அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கைக்கு வந்த தொகை, வட்டி விகிதம், தவணை மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதாதீர்கள். அடமானப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். ஒரு சாட்சி உங்கள் பக்கத்து ஆளாக, உங்களைவிட வயதில் சின்னவராக இருக்கட்டும். இது எங்கள் வழக்கில் நான் கற்ற பாடம்.

3. பணத்தை வங்கி மூலமாகக் கட்டுங்கள். நோட்டுப் புத்தகம் பேசாது. ரொக்கம் கொடுத்தால் எந்தப் பத்திரத்துக்காக என்று எழுதி ரசீது வாங்குங்கள்.

4. கடன் முடிந்த அன்றே அடமானத்தை ரத்து செய்து பதியுங்கள். தை பிறக்கக் காத்திருக்காதீர்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கடன் என்றால், முழுதும் அடைத்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

5. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மிரட்டினால் போலீசுக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியாகப் போகாதீர்கள், என்னையும் கூப்பிடுங்கள்.

6. வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் எதையும் எழுதாதீர்கள். அன்றைக்கு அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார். படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் “வித்துட்டு எப்படி இருக்கறது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் கடைக்காரரிடமும் பதில் இருந்திருக்காது. பத்திரம் பதிவான பிறகுதான் அதைக் கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

அடமானம் வைப்பது அவமானம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அப்பா கிரயம் எழுதினார். கஷ்டத்தில் கடன் வாங்குவது மனித இயல்பு. வாங்கிய கடனை நாணயமாகக் கட்டியவருக்கு என்ன தலைகுனிவு? அப்பா ஏழு வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டியவர். பத்திரத்தில் ‘கடன்’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அந்த நாணயம் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

கடன் கொடுக்கும் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். ராயபுரத்துக் கடைக்காரரும் நல்லவர்தான். உங்களுக்குப் பிறகு பீரோவைத் திறக்கப்போகிற உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் மனசு தெரியாது, பத்திரம்தான் தெரியும். அவர்களை அடுத்தவர் வீட்டுப் பாவத்துக்கு வாரிசாக்காதீர்கள்.

என் லாரிக்கார மாணவர் புதன்கிழமை ராத்திரி போன் செய்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சார், அந்த ஆள் அடமானம்னா நாலு லட்சம்தான் தருவேன்றார்” என்றார். மீதி இரண்டு லட்சத்துக்கு வண்டியின் பேரில் கேட்டுப் பார்க்கலாம், மகளின் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் விண்ணப்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. காலேஜ் பீஸ் கட்ட இந்த மாதம் 25 கடைசி நாள். கல்விக் கடன் பிரிவில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பவர்கள் தாராளமாக வரலாம். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பத்திரத்தை மட்டும் முதலில் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்